முற்பணம் தரும் வியாபாரிக்காகத் தம்பி மிளகாய் நடலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருந்து வேலைக்குப் போகிறேன். கிளிநொச்சியில் தம்பிக்கு ஒரு ஏக்கர் வயலும், கிணற்றோடு ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் உண்டு. நெல், கத்தரி, பயிற்றை எல்லாம் வீட்டுத் தேவைக்குத்தான். மிஞ்சினால் விற்பார்கள். இப்போது ஒரு வியாபாரி விதைக்கும் உரத்துக்கும் 75,000 ரூபா வட்டியில்லாமல் தருகிறாராம். மேட்டுக்காணி முழுவதும் பச்சைமிளகாய் நட்டு, பறிப்பதையெல்லாம் அவருக்கே கொடுக்க வேண்டுமாம். சம்மதிக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. மிளகாய் நடட்டும். அந்தக் காசை வாங்கவும் வேண்டாம், முழு ஏக்கரிலும் நடவும் வேண்டாம்.

வட்டியில்லாத காசு என்று எதுவும் இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். சந்தையில் கிலோ 300 ரூபா போகும் நாளில் முற்பணம் தந்தவர் 240 ரூபாதான் போடுவார், தம்பி வேறு யாருக்கும் விற்க முடியாதே. நூறு கிலோவில் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று வெட்டுவார். கைக்கு வருவது 21,600 ரூபா. சந்தையிலும் அதே கழிவை வெட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அங்கே 27,000 கிடைத்திருக்கும். நூறு கிலோவுக்கு 5,400 ரூபா நட்டம். ஏக்கரில் நாலு தொன் பறித்தால் 216,000 ரூபா. இதுதான் 75,000 ரூபாவின் வட்டி. முதலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கழிவு வடக்குச் சந்தைகளின் பழைய நோய். நிறுத்தச் சொல்லிக் கூட்டம் கூட்டமாகப் பேசியாயிற்று. தராசடியில் கமக்காரர் இன்னும் பத்துக்கு ஒன்று இழந்துகொண்டுதான் நிற்கிறார். உத்தரவு போடுபவர்கள் ஒரு காலைப்பொழுது அங்கே வந்து நின்றால் போதும், ஆனால் வருவதில்லை. ஆகவே தம்பியே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பும் காசில் முதலில் வாங்க வேண்டியது ஒரு தராசு. வீட்டிலேயே நிறுத்து, ஒவ்வொரு பொதியின் நிறையையும் கொப்பியில் எழுதட்டும். விற்கும்போது மொத்த நிறை, வெட்டிய நிறை, கிலோ விலை மூன்றையும் தனித்தனியாக எழுதிய சிட்டை கேட்கட்டும். கூட்டுத்தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம். இரண்டு வியாபாரிகளின் சிட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் எங்கே வெட்டுகிறார் என்பது தெரிந்துவிடும்.

வயலைத் தொட வேண்டாம். வீட்டுச் சோறு அதில் வருகிறவரை, மிளகாய் விலை விழுந்தாலும் தம்பி நகையை அடகு வைக்க மாட்டார். மேட்டுக்காணியில் முதல் போகத்துக்குக் கால் ஏக்கர் போதும். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், கன்றுக்குக் கன்று 45 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 3,700 குழி வரும், குழிக்கு இரண்டு கன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் நடக்கூடாது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக மூன்று நாற்றுமேடை போட்டு மூன்று தொகுதியாக நடட்டும். மார்கழி மழையில் விலை ஏறியதைப் பார்த்து ஊரே ஒன்றாக நடும், ஊரே ஒன்றாகப் பறிக்கும், அந்த வாரம் பறிகூலிகூட வராது. தொகுதியாக நட்டால் மூன்றில் ஒன்றாவது நல்ல விலையில் மாட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தொகுதியில் ஏறும் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வெண்ஈயும் அடுத்த இளங்கன்றுக்குத் தாவி இலையைச் சுருட்டிவிடும். ஆகவே முதல் தொகுதி காற்று போகும் பக்கத்தில் இருக்க வேண்டும், புதியது காற்று வரும் பக்கத்தில். மோசமாகச் சுருண்ட செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கி எரிக்கட்டும். மருந்தடித்தால், பறிப்பதற்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கும். அந்த நாள் முடியுமுன் பறிக்கவே கூடாது.

பனி காய்ந்தபின் காம்போடு பறித்து, நிழலில் பரப்பி, பழுத்ததையும் முறிந்ததையும் பிரித்துவிட வேண்டும். பாரம் கூடுமென்று தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு, அடிப்பகுதி அழுகி முழுப் பொதியும் திரும்பி வரும். உரப்பையில் அடைப்பதும் அப்படித்தான்: காற்றுப் போகாமல் சூடேறி, 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வந்து கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மொத்தச் சந்தையில் அவிழ்க்கும்போது பாதி அவிந்திருக்கும். பிளாஸ்ரிக் கூடை, இல்லையென்றால் வலைச்சாக்கு.

ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் மொத்தச் சந்தை விலைகளை வெளியிடுகிறது. கைத்தொலைபேசியில் நீங்களே பார்த்துத் தம்பிக்குச் சொல்லலாம். பயிர்ச் சந்தேகங்களுக்கு 1920 என்ற இலக்கம் உண்டு. விவசாயப் போதனாசிரியரையும் போய்ப் பார்க்கட்டும், ஆனால் ஒருவர் தலையில் பல கிராமங்களைக் கட்டியிருக்கிறார்கள், கூப்பிட்டவுடன் வருவார் என்று இருந்துவிட வேண்டாம். மானியத்தை நம்பியும் நடுகையைத் தள்ளிப்போட வேண்டாம். மானியம் தாமதிக்கலாம், போகம் பொறுக்காது.

வாங்குபவரிடமே முற்பணம் வாங்கலாம் என்று நான் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான்: ஏற்றுமதிக்காகப் போத்தலில் அடைக்கும் கேர்க்கின் பிஞ்சு வெள்ளரி போன்ற பயிர். அதற்கு ஊர்ச் சந்தை இல்லை, கம்பனி இல்லாமல் நட்டுப் பயனில்லை. அங்கேயும் நாலு விஷயம் எழுத்தில், தமிழில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு அளவுப் பிஞ்சுக்கும் என்ன விலை என்பது நடுமுன்னரே தீர்ந்திருக்க வேண்டும். சிறியதற்கு விலை அதிகம், ஒரு நாள் பறிக்காமல் விட்டால் பருத்துக் கீழ்த்தரத்துக்குப் போய்விடும், ஆகவே தினமும் பறிக்க வீட்டில் ஆள் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். கடனாகத் தரும் விதை, உரம், மருந்து ஒவ்வொன்றின் விலையும் எழுதியிருக்க வேண்டும். காசு எத்தனை நாளில் வரும் என்பதும் வேண்டும். எல்லாவற்றையும்விட, கழிக்கும் பிஞ்சைச் சேகரிப்பு நிலையத்திலேயே, அன்றே, தம்பியின் கண்முன்னே கழிக்க வேண்டும். தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் “இத்தனை கிலோ சரியில்லை” என்று பிறகு தொலைபேசியில் சொல்லும் கம்பனியோடு ஒப்பந்தம் வேண்டாம்.

உங்கள் வியாபாரிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். முற்பணம் இல்லாமல், அன்றைய சந்தை விலைக்கு, சிட்டையோடு வாங்குவாரா என்று தம்பி கேட்கட்டும். சம்மதித்தால் முதல் தொகுதியில் பாதியை அவருக்கே கொடுத்துப் பார்க்கலாம்.