பாரிஸை எழுப்பிய ரோல்-தாங்கி: கேள்வி பதில்

கேள்வி: சார், ‘ரோல்’ என்பது குடும்பப் பெயரா?

இல்லை. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிஸில் எழுச்சியை நடத்திய தளபதி இவர். பெற்றோர் வைத்த பெயர் ஆன்ரி தாங்கி. 1908-ல் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில், மொர்லேயில் பிறந்தவர். பாரிஸில் உலோகத் தொழிலாளி, கம்யூனிஸ்ட், தொழிற்சங்கக்காரர். 1937-ல், உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவை எதிர்க்க ஸ்பெயினுக்குப் போய், வெளிநாட்டுத் தொண்டர்களின் சர்வதேசப் படையில் சேர்ந்தார். அங்கே எப்ரோ போரில் இறந்துபோன தோழர் தியோ ரோல். அவர் பெயரைத்தான் பின்னால் தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். விடுதலைக்குப் பிறகும் அதை விடவில்லை.

கேள்வி: மனைவியும் போராளியாமே?

ஆமாம். செசில் இல்லாமல் அவர் கதையைச் சொல்லவே முடியாது. 1940 ஜூனில், ஜெர்மானியர் பாரிஸில் நுழைந்த நாட்களில், அவர்களுடைய கைக்குழந்தை இறந்தது. செசிலின் தந்தை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டார். அதற்கு அப்புறமும், அடுத்துப் பிறந்த பிள்ளைகளின் தள்ளுவண்டியில் ஆயுதங்களையும் ரகசியத் தாள்களையும் மறைத்து எடுத்துப்போனவர் அவர்.

கேள்வி: அண்ணே, பாரிஸை விடுவித்தது பிரெஞ்சு ஜெனரல் லெக்லேரின் டாங்கிகள்தானே? ரோல் என்ன செய்தார்?

டாங்கிகள் வரும்வரை நகரம் கைகட்டி நிற்கவில்லை. எழுச்சி 1944 ஆகஸ்ட் 19 அன்றே வெடித்துவிட்டது. பாரிஸ் வட்டாரத்தின் உள்நாட்டுப் படைகளுக்கு, அதாவது ஜெர்மானியரை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகளுக்கு, ரோல்தான் தளபதி. தான்ஃபேர்-ரோஷ்ரோ சதுக்கத்துக்கு அடியில், சுமார் 20 மீட்டர் ஆழத்தில் இருந்த பதுங்கறையிலிருந்து கட்டளையிட்டார். ஸ்வீடனின் கான்சல் ஜெனரல் பேசி முடித்த போர்நிறுத்தத்தை அவர் ஏற்கவில்லை. தெருவெங்கும் தடுப்பரண் எழுப்பச் சொன்னார். ஆயுதம் போதாது என்று தெரிந்தவர் என்பதால், கலுவா என்ற அதிகாரியை நேச நாட்டுப் படைகளிடம் உதவி கேட்டு அனுப்பியவரும் அவரே. அப்புறம்தான் லெக்லேர் பாரிஸை நோக்கித் திரும்பினார்.

25-ம் தேதி ஜெர்மன் தளபதி கோல்டிட்ஸ் சரணடைந்தார். முதலில் எழுதிய சரணடைவுப் பத்திரத்தில் ரோலின் பெயரே இல்லை! எதிர்ப்பு இயக்கத் தோழர் க்ரீஜெல்-வால்ரிமோன் வாதாடிய பிறகு, மொன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் ரோலும் கையெழுத்திட்டார். அதற்காக சுதந்திர பிரான்ஸின் தலைவர் டி கோல் லெக்லேரைக் கடிந்துகொண்டார். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது: ஆறு நாள் தெருவில் நின்று ரத்தம் சிந்தியவர்களின் தளபதிக்கு அந்தத் தாளில் இடம் உண்டு.

கேள்வி: போருக்குப் பிறகு?

ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள், கம்யூனிஸ்ட் என்பதால் ஓரங்கட்டினார்கள். 1962-ல் ஓய்வு பெற்றார். பிறகு கட்சியின் மத்தியக் குழுவில் இருந்தார். 2002-ல் காலமானார். செசில் 2020 வரை, 101 வயதுவரை வாழ்ந்தார்.

கேள்வி: பாரிஸ் வருகிறேன். என்ன பார்க்கலாம்?

தான்ஃபேர்-ரோஷ்ரோவில் இப்போது விடுதலை அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பதுங்கறை அதன் அடியில்தான். படிகள் அதிகம், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.