வாசல் குழாயும் பக்கத்து வீட்டு வாளியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டு முன்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, செடிகளுக்காக ஒரு குழாய் போட்டு வைத்திருக்கிறோம். ஆறு மாதம் முன்பு பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. வந்த புதிதில் "அக்கா, ஒரு வாளி பிடிச்சுக்கவா?" என்று கேட்டார்கள், நானும் சரி என்றேன். இப்போது கேட்பதே இல்லை. நான் எழுந்து கதவைத் திறப்பதற்குள் குழாயடி ஈரமாக இருக்கிறது. போன வாரம் ஓஸ் பைப்பை மாட்டி வண்டி கழுவினார்கள், குழாயைச் சரியாக மூடாமலும் போய்விட்டார்கள். தண்ணீர் பில்லும் ஏறியிருக்கிறது. கணவர் "பேசாமல் பூட்டுப் போட்டுவிடு" என்கிறார். எனக்குச் சண்டை போடவும் மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பூட்டு அப்புறம், சகோதரி. முதலில் பேசுங்கள், அதுவும் இந்த வாரமே.

நீங்கள் சரி என்றது ஒரு வாளிக்கு. அவர்கள் காதில் அது குழாய்க்கே சொன்ன சரியாக விழுந்திருக்கிறது. அப்புறம் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் அவர்கள் கணக்கில் இன்னொரு அனுமதி, உங்கள் கணக்கில் இன்னொரு மனக்கசப்பு. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் பூட்டைத் தொங்கவிட்டால், "என்ன தப்புப் பண்ணினோம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றுதான் அவர்கள் கேட்பார்கள், அப்படிக் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

அவர்கள் வாளியோடு நிற்கும்போது பேசாதீர்கள், கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆகிவிடும். தெருவில் நாலு பேர் பார்க்கவும் வேண்டாம். சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலுக்கே போய், "இந்தத் தடவை தண்ணி பில் அதிகமா வந்திருக்கு. இனிமே அந்தக் குழாயைச் செடிக்கு மட்டும் வெச்சுக்கலாம்னு இருக்கோம். உங்க வீட்ல தண்ணி வராம அவசரம்னா என்னைக் கூப்பிடுங்க, தர்றேன்" என்று சொல்லுங்கள். இவ்வளவு போதும். "கொஞ்சம் பார்த்துப் பிடிங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்குத் தொடர்ந்து பிடிக்கலாம் என்றுதான் அர்த்தம். "எங்க வீட்டுக்காரர் திட்டுறார்" என்று அவர் தலையில் போடவும் வேண்டாம், அவர் வெளியே போன பிறகு வந்து பிடிப்பார்கள்.

பேசப் போகும் முன் ஒரு சின்ன வேலை. அந்தக் குழாயை முழுதாகத் திறந்து, அளவு தெரிந்த ஒரு வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அந்த வேகத்தில் ஓஸ் பைப்பைக் கால் மணி நேரம் திறந்துவிட்டு வண்டி கழுவினால் 225 லிட்டர் போயிருக்கும், அதே வண்டியை வாளியில் பிடித்துத் துணி வைத்துத் துடைத்தால் இரண்டு மூன்று வாளியில் முடிந்துவிடும். மூடாத குழாயும் சும்மா இல்லை, நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் ஆகும். இந்தக் கணக்கை அவர்களிடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் குரல் தடுமாறாது, இல்லாததைப் பெரிதாக்கியும் பேச மாட்டீர்கள்.

இன்னொன்று, பில் ஏறியதற்கு அவர்கள்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன் உங்கள் வீட்டையும் பார்த்துவிடுங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டி இருந்தால் அதற்கு ஏறும் தண்ணீரையும் அடைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள், காலையில் யாரும் தண்ணீரைத் தொடும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது இரவில் யாரோ பிடித்திருக்கிறார்கள். பல மீட்டர்களில் கண்ணாடிக்குள் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், எல்லாம் மூடியிருக்கும்போதும் அது சுற்றினால் கசிவு நிச்சயம். கழிவறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கலர் பொடியைக் கரைத்துவிட்டு இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் கலர் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது. சத்தமில்லாமல் ராத்திரி பகலாக ஓடுகிற தண்ணீர் அது. அதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டாரிடம் கோபித்திருந்தால் நமக்குத்தான் பிறகு முகம் கொடுக்க முடியாது.

ஓஸ் பைப் விஷயம் மட்டும் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, காசை விட அதுதான் பெரிது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டார் எங்கள் வெளிக்குழாயில் பைப்பை மாட்டி, மறுமுனையை அவர்கள் திண்ணை மேல் இருந்த துணி ஊறும் டப்பில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் மேல் தொட்டி காலி. நான் சமையலறைக் குழாயைத் திறந்தேன், முதலில் புஸ்ஸென்று காற்று, பின்னாலேயே நுரை. சோப்பு வாடை. டப் எங்கள் குழாயை விட உயரத்தில் இருந்தது, பைப் முனை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது, குழாயில் அழுத்தம் இல்லாமல் போனதும் துணி ஊறின தண்ணீர் பின்னோக்கி இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு அது சோப்பு. பூச்சி மருந்து கலக்கிய வாளியாக இருந்திருந்தால்? அன்றிலிருந்து யார் வெளிக்குழாயில் பைப் மாட்டினாலும் மறுமுனை எங்கே கிடக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும்.

அதனால் வெளிக்குழாய்க்குப் போகும் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்கள், தண்ணீரை ஒரு பக்கம்தான் விடும். நீங்கள் செடிக்குப் பைப் போடும்போதும் முனையை எந்த வாளிக்குள்ளும் மூழ்க விடாதீர்கள், தண்ணீருக்கு மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

பேசியும் தொடர்ந்தால் பூட்டலாம், தயங்க வேண்டாம். ஆனால் வெளியே பூட்டு தொங்குவதை விட, வெளிக்குழாய்க்குப் போகும் பைப்பில் வீட்டுக்குள்ளேயே ஒரு பால் வால்வு வைப்பது நல்லது. வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் உள்ளிருந்தே அடைத்துவிடலாம். வெளியே குழாய் பாட்டுக்கு இருக்கும், திறந்தால் தண்ணீர் வராது, யார் மனமும் புண்படாது. பைப் போகும் வழி அதற்குத் தோதாக இல்லையென்றால் கைப்பிடியைக் கழற்றி எடுக்கிற மாதிரி குழாய்களும், சாவி போட்டுத் திறக்கிற குழாய்களும் கிடைக்கின்றன. பிளம்பருக்கு அரை மணி நேர வேலை.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் குழாயில் தண்ணீர் எடுக்கிறார். கேட்டால் "நான் எடுக்கவே இல்லை" என்கிறார். கேமரா வைக்கலாமா, பேசாமல் போலீசுக்கே போய்விடலாமா?
— ஒரு வாசகர்

பதில்: ஐயா, ஊருக்குப் போகும்போது மெயின் வால்வை அடைத்துவிட்டுப் போங்கள். யாரும் எடுக்காவிட்டாலும் அப்படிச் செய்வதுதான் நல்லது, ஆள் இல்லாத வீட்டில் ஒரு பைப் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேல் தொட்டியிலிருந்து வரும் குழாயாக இருந்தால் தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை அடைக்க வேண்டும், மோட்டார் தானியங்கியில் இருந்தால் அதன் சுவிட்சையும் அணையுங்கள். யாரோ எடுக்க எடுக்கத் தொட்டியை நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கீழே தண்ணீர் தீர்ந்து வெறுமனே ஓடினால் சீல் போய்விடும்.

புறப்படும் முன் மீட்டரை மொபைலில் ஒரு படம், திரும்பி வந்ததும் ஒரு படம். கேமரா வைக்கலாம், ஆனால் அது உங்கள் குழாயை மட்டும் பார்க்க வேண்டும். அவர் வீட்டு வாசலும் ஜன்னலும் அதில் விழுந்தால் புகார் உங்கள் மேல் திரும்பும். கேட்காமல் எடுப்பது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வால்வை ஒரு திருகு திருகினால் நிற்கிற விஷயத்துக்கு ஸ்டேஷன் படி ஏறினால், அதற்கப்புறம் அதே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வருஷக்கணக்கில் வாழ வேண்டும். வால்வை உடைத்து எடுத்தார், மிரட்டினார் என்றால் அது வேறு, அப்போது போங்கள், படங்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தத் தண்ணீரில் எதையாவது கலந்து வைத்துப் பாடம் கற்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதை ஒரு குழந்தை வந்து குடிக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் எடுப்பவள் நான். எங்கள் வீட்டு ஓனர் மோட்டாரைச் சரிசெய்து தரவே மாட்டேன் என்கிறார், பத்து நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. கைக்குழந்தை இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முன்பு மாதிரி முகம் பார்த்துப் பேசுவதில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விடியும் முன் போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.
— ஒரு இளம் தாய்

பதில்: அம்மா, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருட்டில் வாளி தூக்குகிறாய், அதற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விடியும் முன் போவதை நிறுத்து. நீ தண்ணீர் எடுப்பது அந்த அம்மாவுக்கு உறுத்துவதை விட, அவருக்குத் தெரியாமல் எடுப்பதுதான் அதிகம் உறுத்தும். பத்து நாளாக மோட்டார் ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியவே தெரியாமல் இருக்கலாம்.

இன்றைக்கே குழந்தையையும் தூக்கிக்கொண்டு போ. "அம்மா, கேக்காம எடுத்துட்டேன், தப்புதான். எங்க மோட்டார் ரிப்பேர். அது சரியாகிற வரைக்கும் தினம் நாலு வாளி வேணும், எந்த நேரம் வந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்லையோ அப்போ வர்றேன்" என்று சொல். வாளிக் கணக்கைச் சொல்லிக் கேள். எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்துவிட்டால் கொடுப்பவருக்குப் பயம் போய்விடும். 10 லிட்டர் வாளி என்றால் நாலு வாளி 40 லிட்டர், பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் மறுக்க மாட்டார்கள். பில்லில் ஒரு பங்கு தருகிறேன் என்றும் சொல், வாங்குவதும் விடுவதும் அவர் இஷ்டம். மாதாமாதம் காசுக்கு என்று மட்டும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டாம், வீட்டு இணைப்பிலிருந்து தண்ணீர் விற்கப் பல இடங்களில் அனுமதி கிடையாது, நல்லது செய்யப் போய் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஓனர் விஷயத்தை வாயால் சொல்லிக்கொண்டே இருக்காதே. மோட்டார் என்றைக்கு நின்றது, நீ எந்தெந்தத் தேதியில் கேட்டாய் என்று எழுதி அவருக்கு அனுப்பு, ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும். ரிப்பேர் செலவை நீயே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள அவர் சம்மதித்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள், பேச்சில் சம்மதித்துவிட்டு மாதக் கடைசியில் மாறுகிறவர்கள் உண்டு.

குழந்தை குடிக்கிற தண்ணீருக்குத் தனிப் பாத்திரம் வை. வெளிக்குழாயில் எந்த நேரம் யார் எந்தப் பைப்பை மாட்டியிருப்பார்கள் என்று தெரியாது, முதலில் கொஞ்சம் தண்ணீரை வீணாக்காமல் அவர்கள் செடிக்கு விட்டுவிட்டு அப்புறம் பிடி, நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடு. கிளம்பும்போது குழாயை இறுக்கி மூடி, சொட்டுகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வா.