திரையில் தெரியும் மலை

அன்புள்ள சார்,

மூடுபனியில் விமானம் ஓட்டுவது பற்றிய உங்கள் கட்டுரையில், மலை, பள்ளத்தாக்கு, ஓடுபாதை எல்லாவற்றையும் விமானி அறைத் திரையில் கம்ப்யூட்டரே வரைந்து காட்டும் வசதியைப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். வெளியே ஒன்றுமே தெரியாதபோது திரையில் ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தால், விமானி அதையே நம்பி இறங்கிவிட மாட்டாரா? படம் தவறாக இருந்தால் என்ன ஆகும்? ஆட்டோபைலட்டே தரையிறக்கிவிடும் காலத்தில் இந்தப் படம் எதற்கு?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆட்டோபைலட் தானாகத் தரையிறக்க, விமானத்தில் கருவி இருந்தால் மட்டும் போதாது. ஓடுபாதையிலும் மிகத் துல்லியமான ரேடியோ வழிகாட்டி, விளக்கு வரிசைகள், தடைபடாத மின்சாரம் எல்லாம் வேண்டும். பெரும்பாலான ஓடுபாதைகளில் அவை கிடையாது. ரேடியோவால் ஓடுபாதைக்கு வழிகாட்டும் சாதாரண ஐஎல்எஸ் வசதி உள்ள இடத்தில், தரையிலிருந்து 200 அடி உயரத்துக்கு வருவதற்குள் விளக்கோ ஓடுபாதையோ விமானியின் கண்ணில் பட வேண்டும். படவில்லையா, மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும்.

சரி, படம் எதற்கு? வெளியே பார்வை இல்லாதபோது உடம்பே விமானியை ஏமாற்றுகிறது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் உள்காதுக்கு அது தெரியவே தெரியாது. ஒரே சீராகக் கொஞ்ச நேரம் திரும்பிக்கொண்டிருந்தால், நேராகப் போவதாகத் தோன்றும். அப்போது சாய்வைச் சரிசெய்தால் எதிர்ப்பக்கம் சாய்வது போலிருக்கும். விமானி மறுபடி பழைய சாய்வுக்கே கொண்டுபோய்விடுவார். இதற்கு மருந்தாக வந்ததுதான், சாய்வைக் காட்டும் ‘செயற்கைத் தொடுவானம்’ என்ற கருவி. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், துணியால் மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்தே கிளம்பிச் சுற்றிவந்து தரையிறங்கினார். அந்தக் கருவியின் மேல்பாதி வானம், கீழ்பாதி நிலம். அதன் திரை வடிவத்தில் மேலே நீலம், கீழே பழுப்பு. ஆனால் அந்தப் பழுப்பில் மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

அது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு 1995 டிசம்பர் 20 இரவு சாட்சி. கொலம்பியாவின் காலி நகரில் இறங்க வந்துகொண்டிருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757. வழிகாட்டி நிலையம் ஒன்றுக்காக விமானிகள் தட்டிய எழுத்தை, கம்ப்யூட்டர் வேறொரு நிலையமாக எடுத்துக்கொண்டு விமானத்தை மலைகள் இருந்த பக்கம் திருப்பியது. தவறை உணர்ந்து திரும்பும்போதும் கீழே இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எச்சரிக்கைக் கருவி கத்திய பிறகு மிஞ்சியது பன்னிரண்டு விநாடி அளவுதான். 159 பேர் இறந்தார்கள். எஞ்சினிலோ இறக்கையிலோ எந்தக் கோளாறும் இல்லை. எதிரே மலை இருக்கிறது என்பது இருட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட, கம்ப்யூட்டர் வரையும் படத்துக்குப் பெயர் செயற்கைப் பார்வை. அது அந்தப் பழுப்புக்கு உருவம் கொடுக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் பூமியின் நிலப்பரப்பில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை ரேடாரால் அளந்தது. அப்படித் திரட்டிய உயரக் கணக்குகளையும், ஜிபிஎஸ் சொல்லும் இடத்தையும் சேர்த்து, ஜன்னலுக்கு வெளியே தெரிய வேண்டியதைத் திரையில் வரைகிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன அடையாளம்: இரு பக்கமும் குட்டி இறக்கை முளைத்த ஒரு வட்டம். மூக்கு எங்கே நோக்குகிறது என்பதையல்ல, விமானம் உண்மையில் எங்கே போய்ச் சேரும் என்பதைக் காட்டுவது அது. வட்டம் மலை முகட்டுக்கு மேலே நின்றால் தாண்டிவிடுவீர்கள். முகட்டுக்குக் கீழே, மலைமேல் படிந்து நின்றால், இதே போக்கில் போனால் அங்கேதான் மோதுவீர்கள். எண்களைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை, ஒரு பார்வை போதும். காலியில் அந்தத் திரை இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். இந்தப் படம் நினைவிலிருந்து வரைந்தது. அந்த நேரத்தில் கண்டதல்ல. ஓடுபாதையில் நிற்கும் வண்டி அதில் வராது. நேற்று எழுப்பிய கிரேனும் வராது. ஜிபிஎஸ் தவறினால் எல்லாம் இடம் மாறி நிற்கும், அதுவும் அதே தெளிவோடு. அண்மைக்காலமாகச் சில பகுதிகளில் போலி ஜிபிஎஸ் சிக்னல்களால், நடுவானத்தில் பறக்கும் விமானங்களில்கூட ‘தரை நெருங்குகிறது, மேலே ஏறு’ என்ற பொய் எச்சரிக்கை ஒலித்திருக்கிறது. அதனால்தான் செயற்கைப் படத்தில் ஓடுபாதை தெரிவதை வைத்து, ‘ஓடுபாதையைப் பார்த்துவிட்டேன்’ என்று விமானி சொல்ல விதி இடம்கொடுப்பதில்லை.

இன்னொரு வகைத் திரை இருக்கிறது, அதற்கு விதியும் வேறு. மூக்கில் பொருத்திய அகச்சிவப்புக் கேமரா அந்த நிமிடம் காண்பதை, விமானியின் கண்ணுக்கு நேரே உள்ள கண்ணாடியில் காட்டுவது. இது நினைவல்ல, பார்வை. அமெரிக்க விமானத்துறை 2004-இல் இந்தப் படத்தை வைத்து 100 அடி வரை இறங்க அனுமதித்தது. 2016-இல், உரிய தகுதியும் பயிற்சியும் இருந்தால், சக்கரம் தரை தொடும் வரை இதைக் கொண்டே இறங்கலாம் என்றது. இதற்கும் எல்லை உண்டு. அடர்ந்த பனியில் அகச்சிவப்பும் திணறும். அப்புறம் ஒரு எதிர்பாராத சிக்கல்: பழைய குண்டு பல்புகளின் சூடுதான் கேமராவுக்குப் பிரகாசமாகத் தெரிந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்இடி விளக்குகள் வந்ததும் அந்தச் சூடு போய்விட்டது. கண்ணுக்குத் தெரியும் விளக்கு கேமராவுக்குத் தெரியாமல் போனது. இப்போது வரும் கருவிகளில் சாதாரண ஒளியைப் பிடிக்கும் சென்சாரையும் சேர்த்து வைக்கிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், செயற்கைப் படத்தை நிஜப் புகைப்படம் போல மெருகேற்றவே கூடாது. கட்டம் போட்ட மலை, கோடு போட்ட ஓடுபாதை போதும். வரைந்தது வரைந்ததாகவே தெரியட்டும். இரண்டையும் ஒரே திரையில் கலக்கும்போது, எது கேமரா கண்டது, எது கம்ப்யூட்டர் வரைந்தது என்பது அரை விநாடியில் பிரிந்து தெரிய வேண்டும். விமானம் 200 அடியில் இருக்கும்போது அதை யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் கிடையாது.

அன்புடன்.