தொழிற்சாலையில் பொருத்திய ரைஃபிள் பேரலை வீட்டிலேயே கழற்ற என்ன கருவிகள் வாங்க வேண்டும்?

உங்கள் ரைஃபிளில் பேரல் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாவேஜ் ரகத்தில் ரிசீவருக்கு (பேரல் திருகி மாட்டப்படும் உடற்பகுதி) முன்னால் தனியாக ஒரு நட் இருக்கும். அதற்கான நட் ரெஞ்சும் பேரலை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் ஒரு பேரல் வைஸும் போதும், பெரிய சிரமமில்லை. ரெமிங்டன் 700, ஹோவா 1500, வின்செஸ்டர் 70 போன்றவற்றில் நட் கிடையாது. பேரலின் தோளே, அதாவது மரை முடியும் இடத்தில் உள்ள படியே, இறுகிப் பிடித்து நிற்கும். மற்றதெல்லாம் இந்த ரகத்துக்குத்தான்.

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை பேரல் வைஸுக்கு ஒதுக்குங்கள். வேலை கெடுவது பெரும்பாலும் மரை இளகாததால் அல்ல, வைஸுக்குள் பேரல் வழுக்கிச் சுற்றுவதால்தான். ஒருமுறை சுற்றிவிட்டால் மேல்பூச்சு உரிந்து வடு விழும், பிடிப்பும் போய்விடும். சாதாரண மேசை வைஸ் இதைத் தாங்காது. தடித்த இரண்டு எஃகுக் கட்டைகளைப் பெரிய போல்ட்டுகளால் இறுக்கும் வகைதான் வேண்டும். அதையும் ஆடாத, தரையிலோ சுவரிலோ போல்ட் போட்ட மேசையில் பொருத்துங்கள். மேசை அசைந்தால் நீங்கள் கொடுக்கும் விசையில் பாதி அதிலேயே போய்விடும்.

வைஸ் கட்டைகளுக்கும் பேரலுக்கும் நடுவே வைக்கும் புஷ் (துளையுள்ள பிடித்துண்டு) அலுமினியமாகவோ கெட்டி மரமாகவோ இருக்கட்டும். தொழிற்சாலை பேரல்கள் முன்பக்கம் சரிந்து மெலிவதால், நேர்த்துளை புஷ் ஒரு ஓரத்தில் மட்டுமே கடிக்கும். ரிசீவரை ஒட்டிய உருளைப் பகுதியில் பிடியுங்கள். அது குட்டையாக இருந்தால் சரிவுக்கேற்பக் கடைந்த புஷ்தான் தீர்வு. பேரலையும் புஷ்ஷையும் அசிட்டோனால் துடைத்து எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டு, ராசின் தூள் (வழுக்காமல் பிடிக்கும் மரப்பிசின் பொடி) தூவி இறுக்குங்கள்.

அடுத்தது ரிசீவரைத் திருப்பும் ஆக்‌ஷன் ரெஞ்ச். பின்பக்கமாக உள்ளே நுழைத்து, ரைஃபிளின் போல்ட்டில் (பேரலைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) உள்ள பூட்டுப் பற்களான லக் ஓடும் பள்ளங்களில் பிடிக்கும் வகை புதுப் பேரல் மாட்டவும், லேசாக இறுக்கிய பேரலைக் கழற்றவும் வசதியானது. தொழிற்சாலை இறுக்கத்துக்கு அதை நம்பாதீர்கள், பள்ளங்கள் சிதையலாம். வெளிப்பக்கமாக ரிசீவர் வளையத்தைச் சுற்றிப் பிடிக்கும் வகையையே வாங்குங்கள். ரெமிங்டன் 700-இன் அடிப்பக்கம் உருண்டை, ஹோவாவுக்கும் வின்செஸ்டருக்கும் தட்டை. ரெஞ்சும் அதற்கேற்ப மாறும். பிடி முன்வளையத்தில்தான் விழ வேண்டும். நடுவில் பிடித்தால் ரிசீவரே முறுக்கிக்கொள்ளும்.

தொடங்கும் முன் சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். போல்ட், ஸ்டாக் (ரைஃபிளைத் தாங்கும் கட்டை), ட்ரிகர், ஸ்கோப் பேஸ் (குறிநோக்கியைத் தாங்கும் பட்டை) எல்லாவற்றையும் கழற்றுங்கள். நீளம் கூடிய முன் பேஸ் திருகு பேரலின் மரையில் முட்டி நிற்பது உண்டு. அதோடு சுற்றினால் மரை நாசம். மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள், வைஸ் பிடிக்கும் இடத்தில் பட்டால் துடைத்துவிடுங்கள். இவை வலக்கை மரை. ரிசீவரின் பின்னாலிருந்து பார்த்தால் ரெஞ்ச் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும்.

மெதுவாக இழுத்துத் தொங்குவதைவிட, ரெஞ்ச் கைப்பிடியின் நுனியில் கனமான சுத்தியலால் ஒரே அடி கொடுப்பது நன்றாக இளக்கும். அசையவில்லையென்றால் ஹீட் கன்னால் ரிசீவர் வளையத்தைச் சூடாக்குங்கள். தீச்சுடரை மட்டும் காட்டவே கூடாது: ரிசீவருக்குக் கொடுத்த வெப்பப் பதம் கெட்டால் அது துப்பாக்கியாகப் பயன்படாது. பேரலை எப்படியும் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால், லேத்தில் தோளுக்கு முன்னால் ஒரு பள்ளம் வெட்டி அழுத்தத்தை விடுவிக்கலாம். பிறகு சுலபமாகக் கழன்று வரும், ஆனால் அந்தப் பேரல் அத்தோடு முடிந்தது.

பல நாடுகளில் பேரலே உரிமம் தேவைப்படும் பாகம், புதியதை வாங்கும் முன் அதைப் பாருங்கள். கழற்றுவதோடு நிறுத்தாமல் புதியது மாட்டுவதென்றால் சேம்பரின் நீளம் சரியா என்று பார்க்கும் கோ, நோ-கோ கேஜ் இரண்டும் கட்டாயம்: கோ-வில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அவை 1.630, 1.634 அங்குலம். போல்ட்டிலிருந்து எஜெக்டரையும் (வெற்றுக் குப்பியை வெளியே தள்ளும் பாகம்) எக்ஸ்ட்ராக்டரையும் (அதைப் பிடித்து இழுக்கும் கொக்கி) எடுத்துவிட்டு அளவிடுங்கள். இல்லையென்றால் எஜெக்டர் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுவதால், போல்ட் எங்கே முட்டுகிறது என்பது கைக்குச் சரியாகத் தெரியாது.