மாடிப் பாத்தி: மார்கழிக் குளிரும் சித்திரை வெயிலும் – கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: அண்ணா, வெளிநாட்டு வீடியோவில் பாத்தி மேலே பாலித்தீன் கூடாரம் கட்டிச் சூடேத்தறாங்க. மார்கழியில நாமும் கட்டலாமா?

வேண்டாம். அது மண் உறைந்துபோகும் ஊருக்கு. இங்கே சென்னையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கூடாரம் கட்டினால் பத்து மணிக்கே நாற்று அவிந்துவிடும். நம்ம ஊரில் காய்ப்பை நீட்ட வேண்டுமென்றால், பங்குனியிலிருந்து வேரைச் சூட்டிலிருந்து காப்பாற்றணும்.

வியாசர்பாடி: சார், வெயிலில் பாதியை மறைக்கிற 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டியும் மத்தியானம் கத்தரி தொங்குது.

மத்தியானம் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தால் விட்டுவிடுங்க. விடிந்த பிறகும் தொங்கினால் கோளாறு வேரில். மத்தியானம் மூணு மணிக்கு, செடி வளர்க்கிற பையின் மேற்கு ஓரத்தில் ரெண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்க. சுடுதா? வலை இலையைத்தான் காக்கும். பக்கவாட்டு வெயில் பைச் சுவரில் அடித்து, அங்கே இருக்கிற வேரைப் பொசுக்கும். பைகளை நெருக்கி வைத்து, மேற்கு வரிசையில் சணல் சாக்கைச் சுற்றி நனைத்து விடுங்க. தளச் சூடு ஏறாமல் அடியில் ரெண்டு செங்கல். மண் மேலே ரெண்டு அங்குலம் காய்ந்த இலை போடுங்க. தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும், ரெண்டு விரல் இடம் விடணும். வலையை நாலு பக்கமும் இழுத்து மூடாதீங்க, கடற்காற்று வர கிழக்கே திறந்திருக்கட்டும்.

திருவொற்றியூர்: போர் தண்ணிதான் ஊத்தறேன். இலை ஓரம் கருகுது, அக்கா. வெயிலாலயா?

பை விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் இதை மோசமாக்கும். மாதம் ஒருமுறை 20 லிட்டர் பைக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி, அடி ஓட்டை வழியே வடிய விடுங்க. தென்னை நார்க் கழிவைக் கழுவாமல் கலந்திருந்தாலும் இதே கருகல் வரும். கறுப்பு டேங்க் தண்ணீரை மத்தியானம் தொடாதீங்க. காலை ஆறரைக்குள் ஊற்றிவிடணும்.

ராயபுரம்: சித்திரையில தக்காளிப் பூ கொட்டுது. என்ன அடிக்கலாம்?

எதுவும் வேண்டாம். ராத்திரி சூடு 24 டிகிரிக்கு மேலே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. சித்திரையில் இங்கே 26-ஐத் தாண்டும். வலை பகல் வெயிலைத்தான் குறைக்கும், ராத்திரிப் புழுக்கத்தை ஒன்றும் செய்யாது. அந்தப் பையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்க.

பெரம்பூர்: வலையை எப்போ கழட்டணும்?

ஐப்பசி மழைக்கு முன்னாடி. மேகமூட்டத்தில் வலையும் இருந்தால் செடி நெட்டையாக ஓடும். புயல் வந்தால் வலை கம்பத்தோடு பக்கத்து மாடிக்குப் போகும்.