விரிதாள் கேள்வி-பதில்: செல்லில் தெரியும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும்

கேள்வி: 01-01-2024 என்று உள்ளிட்ட செல்லில் இப்போது 45292 என்று இருக்கிறது. தேதியை மீட்க முடியுமா?

பதில்: தேதி எங்கும் போகவில்லை. 1900 ஜனவரி 1-ஐ 1 எனக் கொண்டு எக்செல் எண்ணிவரும் நாள் கணக்கு அது. ஃபார்மேட்டை, அதாவது எண்ணைக் காட்டும் விதத்தை, மீண்டும் தேதியாக்குங்கள்.

கேள்வி: 16 இலக்க அட்டை எண்களின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிட்டது. எந்த ஃபார்மேட் கொடுத்தால் சரியாகும்?

பதில்: எதுவும் சரியாக்காது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பதால், 16-ஆவது இலக்கம் நீங்கள் உள்ளிட்ட கணமே தொலைந்துவிட்டது. செல்களை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, மூலப் பட்டியலைப் பார்த்து மறுபடி உள்ளிடுங்கள்.

கேள்வி: இன்வாய்ஸில் மூன்று பொருள்களுக்கும் ஜிஎஸ்டி தலா 10.44 ரூபாய், கூட்டுத்தொகையோ 31.33. எக்செலுக்குக் கூட்டத் தெரியாதா?

பதில்: தெரியும், எதைக் கூட்டச் சொன்னோம் என்பதை நீங்கள்தான் பார்க்கவில்லை. பொருளின் விலை 58.02 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 18 சதவீதம் 10.4436. இரண்டு தசமம் மட்டும் தெரியும்படி ஃபார்மேட் செய்ததால் கண்ணுக்கு 10.44 ஆகிறதே தவிர, மிச்சம் செல்லுக்குள் அப்படியே இருக்கிறது. மூன்றும் சேர்ந்து 31.3308 ஆகி, அது 31.33 என்று தெரிகிறது. தசமத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு எண்ணையே முழுமையாக்கிவிட்டதாக நம்புகிறவர்களுக்கு நான் எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. உள்ளிருக்கும் மதிப்பையே இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கும் ரவுண்ட் (ROUND) சார்பை ஒவ்வொரு பொருளின் வரியைக் கணக்கிடும் இடத்திலேயே போடுங்கள். கூட்டுத்தொகைக்கு மட்டும் போட்டால் அந்த ஒரு பைசா அங்கேயேதான் நிற்கும். திரையில் தெரிகிறபடியே மதிப்பையும் மாற்றிவிடும் தேர்வு ஒன்று எக்செலின் அமைப்புகளில் உண்டு. அதைத் தொடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் உள்ளிட்ட எண்களின் மறைந்த இலக்கங்களை அது கோப்பு முழுவதிலும் வெட்டிவிடும், பிறகு தேர்வை நீக்கினாலும் அவை திரும்பா. சந்தேகம் வந்தால் செல்லை, உள்ளிருக்கும் எண்ணை வேடமில்லாமல் காட்டும் ஜெனரல் ஃபார்மேட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: செல் முழுக்க ##### என்று வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: நெடுவரிசையை அகலப்படுத்துங்கள். இதற்கு ஒரு கடிதம் தேவையா?

கேள்வி: வேலை நேரங்களைக் கூட்டினால் 30 மணி வர வேண்டிய இடத்தில் 6:00 என்று வருகிறது.

பதில்: மறுபடியும் சொல்கிறேன், ஜெனரலுக்கு மாற்றிப் பாருங்கள்: 1.25 என்று தெரியும், அதாவது ஒன்றேகால் நாள். முழு நாளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுவது ஃபார்மேட்டின் வேலை. கஸ்டம் ஃபார்மேட்டில் மணிக்குரிய h என்ற எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் 30:00 வரும். ஆனால் உள்ளிருக்கும் மதிப்பு அப்போதும் 1.25-தான். ஆகவே கூலிக் கணக்குக்கு அதை 24-ஆல் பெருக்க மறந்தால், வேலை செய்தவருக்கு ஒன்றேகால் மணி நேரச் சம்பளமே போய்ச் சேரும்.