நாலாவது பாட்டு

அன்புள்ள சார்,

பிளாக் ஐட் பீஸ் குழுவின் 2003ஆம் வருட ஆல்பத்தில் இளையராஜாவின் 'உனக்கும் எனக்கும்' ஒலிப்பதை நண்பர் ஒருவர் போட்டுக் காட்டினார். அசந்துவிட்டேன். அமெரிக்க ராப்பர்கள் ராஜாவையே கேட்கிறார்கள் என்றால் அவர்கள் ரசனை எவ்வளவு விரிந்தது! என் மகனோ ராப் தவிர எதையும் காதில் வாங்குவதில்லை. "ராப்பருங்களும் ராப்தான்பா கேப்பாங்க" என்கிறான். யார் சொல்வது சரி?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் மகன் சொல்வது தவறு. ஆனால் நீங்கள் கொண்டுவரும் சாட்சியும் செல்லாது.

ஒரு பாட்டிலிருந்து துண்டு எடுப்பதும் அந்தப் பாட்டைக் கேட்பதும் ஒன்றல்ல. ராப் பிறந்த கதையே அதுதான். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் தன் தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டுகள் போட்டார். பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற சில நொடிகளில்தான் கூட்டம் வெறியோடு ஆடுகிறது என்று கவனித்தவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, இதில் முடிந்ததும் அதில் தொடங்கி, அந்த நொடிகளை நிமிடக்கணக்கில் இழுத்தார். மீதிப் பாட்டு யாருக்கு வேண்டும்? எந்தத் தட்டு என்று போட்டியாளர்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம். பிரியாணி மாஸ்டர் மசாலாவை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுவருகிற மாதிரி.

ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவின் கதை இன்னும் வேடிக்கை. ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 1975ஆம் வருடத் தட்டு ஒன்றில் நாலாவது பாட்டு வெறும் டிரம்ஸோடு தொடங்கும். பாடகர் வாய் திறப்பதற்குள் டீஜே தட்டைப் பின்னால் இழுத்துவிடுவார். திரும்பத் திரும்ப வரும் அந்த அடியின் மேல் இந்தப் பையன்கள் ராப் செய்வார்கள். குழுவின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. 'டாய்ஸ் இன் தி அட்டிக்' என்ற ஆல்பத் தலைப்பைத்தான் குழுவின் பெயராக நினைத்திருந்தார்கள். 1986இல் தயாரிப்பாளர் ரிக் ரூபின், முழுப் பாட்டையும் பாடுங்கள் என்று உட்காரவைத்து வரிகளைக் கேட்கச் சொன்னார். அவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வேண்டா வெறுப்பாகப் பாடிய 'வாக் திஸ் வே' அமெரிக்கத் தரவரிசையில் நாலாம் இடம் வரை போனது. அத்தனை வருடம் பிழைப்பு நடத்திய பாட்டை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டிருக்கிறார்கள்!

ஆகவே அந்த ஆல்பத்தில் ராஜா இருப்பதை வைத்து அவர்கள் ராஜா ரசிகர்கள் என்று முடிவுகட்ட முடியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நமக்குப் புல்லரிக்கிறது, அது வேறு விஷயம். ராப் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'வை எடுத்தாண்டபோது கதை வேறு. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்த பெண். அம்மா பெயரிலேயே ஆல்பம் போட்டவர்.

ரசனை தெரிய வேண்டுமென்றால், ஒரு ராப்பர் தன் தொழிலுக்கு உதவாத எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழுவைச் சேர்ந்த பிக் பாய், சிறுவயதில் மாமா ஒருவர் அறிமுகப்படுத்தியதிலிருந்து கேட் புஷ் பைத்தியம். ஆங்கிலேயப் பெண்மணி, உச்சஸ்தாயிக் குரல், கனவுபோல மிதக்கும் பாட்டுகள். 2014இல் அவர் பல வருடங்களுக்குப் பிறகு லண்டனில் மேடையேறியபோது பிக் பாய் அங்கே போய்க் கேட்டார். 2023இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் கேட் புஷ்ஷைச் சேர்த்தபோது, அவரைப் பற்றிப் பேச மேடையேறியது ஒரு ராக் பாடகர் அல்ல, பிக் பாய்தான்.

அப்புறம், மேலே சொன்ன ரன்-டிஎம்சி குழுவில் டிஎம்சி என்பவர், அதாவது டேரில் மெக்டேனியல்ஸ். 1990களின் கடைசியில் குரல் கெட்டுப்போய், வாழத்தான் வேண்டுமா என்ற நிலைக்கு வந்துவிட்டார். அப்போது வானொலியில் கனடாப் பாடகி சாரா மெக்லாக்லனின் 'ஏஞ்சல்' காதில் விழுந்தது. பியானோவும் குரலும்தான் பிரதானம். வெட்டி எடுக்க அதில் அடியே கிடையாது. கிட்டத்தட்ட ஒரு வருடம் அதையே கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். பிறகு தன் 35ஆம் வயதில், தான் தத்துப்பிள்ளை என்று தெரியவந்தது. அதைப் பாட்டாக்கியபோது சாராவையே பாட அழைத்தார். பதிவெல்லாம் முடிந்த பிறகு, தானும் தத்துப்பிள்ளைதான் என்று சாரா சொன்னாராம். நாலாவது பாட்டைக் கேட்ட அதே காதுதான் இதையும் கேட்டது.

உங்கள் மகனிடம் 'ஏஞ்சல்' போட்டுக் காட்டினால் எழுந்து போய்விடுவான். ராக்கிம் என்ற ராப்பரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர் அவர். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் ஸ்வரங்களை அடுக்குகிற விதத்தைத் தன் வரிகளில் கொண்டுவரப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். வரியின் கடைசியில் மட்டும் நின்றுகொண்டிருந்த இயைபு அவர் கையில் வரிக்குள்ளேயே புகுந்து ஓடியது. 1987இல் வந்த அவருடைய 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பம் உங்கள் மகனிடம் இருக்கும். அவனைப் போடச் சொல்லி முதலில் நீங்கள் ஒருமுறை கேளுங்கள், முழுசாக.